தறிக்குடோனில் ஒருவர் தன் நோயின் கதையைச் சொன்னால் என்ன மாறும்?

பல்லடம், சோமனூர் வட்டாரத்து விசைத்தறிக் குடோன்களிலும் திருப்பூரின் தொழிலாளர் குடியிருப்புகளிலும் இரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனை முகாம்கள் நடத்தும் அறக்கட்டளை ஒன்றில் பணியாற்றுவதாகவும், முகாமுக்கு வருகிறவர்களில் பலர் சில வாரங்களிலேயே மாத்திரையை விட்டுவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நோயாளிகள் தம் சொந்த அனுபவத்தைச் சொல்வதைப் பதிவு செய்து மற்றவர்களுக்குக் காட்டினால் மருத்துவத்தின் மீது நம்பிக்கை கூடுமா, வசதியுள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் இடையே உடல்நலத்தில் இருக்கும் இடைவெளி அதனால் குறையுமா, இதற்குச் சான்று உண்டா, எதில் எச்சரிக்கை வேண்டும், பலனை எப்படி அளப்பது என்பன உங்கள் கேள்விகள்.

நம்பிக்கை கூடும், இடைவெளி குறைய வாய்ப்பும் உண்டு, இரண்டுக்கும் சான்று இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றை நிதானமாகப் படித்தால் ஒரு நிபந்தனை தெரியவரும். நோயாளியின் கதையைக் கேட்கும் வரிசையில் உங்கள் அறக்கட்டளையும் உள்ளூர் மருத்துவமனையும் முதலில் உட்கார வேண்டும். கேட்டபின் தம் நடைமுறையில் ஏதேனும் ஒன்றை மாற்றியாக வேண்டும். அது நடக்காத இடத்தில் அந்தக் கதை விளம்பரமாகிவிடும். கறிக்கோழி நிறுவனத்திலிருந்து நகைச்சீட்டு வரை எல்லாவற்றின் விளம்பரத்தையும் நாள்தோறும் பார்க்கிற நம் மக்கள் அதை முதல் அரை நிமிடத்திலேயே கண்டுகொள்வார்கள்.

முதலில் அவநம்பிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாத்திரையை நிறுத்துகிறவரை விவரம் அறியாதவர் என்று எடுத்துக்கொண்டால், அவருக்கு விவரம் சொல்வதே தீர்வாகத் தோன்றும். உப்பைக் குறையுங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள் என்று முகாம்களில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிக்கொண்டிருப்பது அந்த எண்ணத்தால்தான். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் தறிக்கும் தறிக்கும் இடையே நடந்துகொண்டே இருக்கிற ஒருவரிடம் நடைப்பயிற்சியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை அவர் கவனிக்கிறார். இவர்களுக்கு நம் வாழ்க்கை தெரியாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துகொள்கிறார். அதற்குப் பிறகு நாம் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறுவதில்லை.

அவருடைய ஐயத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1975க்கும் 1977க்கும் இடையே, இலக்கு நிர்ணயித்து நடத்தப்பட்ட கருத்தடை முகாம்களை நினைவில் வைத்திருக்கிற தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது; திருப்பூரில் தங்கி வேலை செய்யும் பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர் சிலரின் வீடுகளில் அது குடும்பக் கதையாகவே இருக்கலாம். இன்னும் அருகில், பள்ளிபாளையம் வட்டாரத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடன் நெருக்கடியில் இடைத்தரகர் வழியாகச் சிறுநீரகத்தை விற்ற விவகாரம் 2025இல் வெளியாகி அரசு விசாரணை வரை சென்றது. தறி வேலைக்கு வாங்கிய முன்பணத்தை அடைக்க முடியாமல் உடலுறுப்பை விற்க நேர்ந்தவரின் பக்கத்துத் தெருவில் போய், இரத்தம் எடுக்கக் கையை நீட்டுங்கள் என்று கேட்கிறோம். அவர் தயங்குவதில் அறியாமை ஒன்றுமில்லை; நடந்ததை அறிந்திருப்பதால்தான் தயங்குகிறார்.

இனி சான்றுக்கு வருகிறேன். உங்கள் திட்டத்துக்கு மிக நெருக்கமான ஆய்வு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில், ஏழைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை ஒன்றில் நடந்தது. முடிவுகள் 2011இல் வெளியாயின. உயர் இரத்த அழுத்தம் உள்ள கறுப்பின மக்கள் 299 பேரை இரு குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரித்தனர். ஒரு குழுவுக்கு, அவர்களைப் போன்ற நோயாளிகளே தம் அனுபவத்தைச் சொல்லும் மூன்று காணொளித் தட்டுகளைக் கொடுத்தனர். மற்றக் குழுவுக்கு இரத்த அழுத்தத்தோடு தொடர்பில்லாத பொதுவான உடல்நலக் காணொளிகளைக் கொடுத்தனர். தொடக்கத்தில் அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களிடையே, கதை கேட்ட குழுவுக்கு மூன்றாம் மாதத்தில் மேல் அளவு மற்றக் குழுவைவிட ஏறத்தாழ 11 புள்ளியும் கீழ் அளவு 6 புள்ளியும் கூடுதலாகக் குறைந்திருந்தது. மாத்திரை ஒன்றைப் புதிதாகச் சேர்த்தால் கிடைக்கும் பலனுக்கு இது ஏறத்தாழச் சமம். பின்வந்த மாதங்களில் இரு குழுவிலும் அழுத்தம் மீண்டும் சற்று ஏறியது. என்றாலும் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் நீடித்தது.

இந்த முடிவில் எல்லோரும் தாண்டிப்போகிற ஒரு பகுதி உண்டு. தொடக்கத்திலேயே அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்தவர்களிடம் காணொளி குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. மருத்துவம் யாருக்குப் போய்ச் சேராமல் இருந்ததோ அவர்களிடம்தான் கதை வேலை செய்திருக்கிறது. உங்கள் முகாமுக்கு மாதந்தோறும் தவறாமல் வருகிற, மாத்திரை அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிற முப்பது பேருக்குக் காணொளி காட்டிக் கைதட்டல் வாங்குவதில் பயன் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். வராதவர் எங்கே இருக்கிறார் என்று தேடிப் போக வேண்டும்.

அந்த ஆய்வு நடந்த மாநிலமும் கவனிக்கத்தக்கது. அதே அலபாமாவின் டஸ்கீகியில்தான் 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களைக் கண்காணித்தது. அவர்களில் 399 பேருக்கு மேகப்புண் (சிபிலிஸ்) நோய் இருந்தது. பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல் நோயின் போக்கை மட்டும் பார்த்துக் குறிப்பெழுதினார்கள். அப்படி ஒரு வரலாறு உள்ள மண்ணில் வெள்ளைக் கோட்டு அணிந்தவர் சொல்லும் அறிவுரையைவிட, அதே தெருவில் வாழும் ஒருவர் ‘நானும் மாத்திரையை விட்டுவிட்டேன், பிறகு இப்படி ஆயிற்று, இப்போது இப்படிச் சாப்பிடுகிறேன்’ என்று சொல்வது எடுபட்டதில் வியப்பில்லை.

நலச் சமத்துவம் பற்றிய கேள்விக்கு இதைவிட வலுவான சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பழங்குடி மக்கள் மிகுந்த மூன்று மாவட்டங்களில் ஏக்ஜுட் என்ற அமைப்பு பெண்கள் குழுக்களை மாதந்தோறும் கூட்டியது. கூட்டத்தை நடத்தியவர் அதே பகுதிப் பெண். மருத்துவப் பணியாளர் அல்லர். பச்சிளங் குழந்தைகள் ஏன் இறக்கின்றன என்பதைப் பாடமாக நடத்தாமல், படங்களையும் கதைகளையும் வைத்துப் பெண்கள் தங்களுக்கு நேர்ந்ததைப் பேசினார்கள். பேசியதிலிருந்து தாங்களே செய்யக்கூடியது என்ன என்று முடிவெடுத்துச் செய்தார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, குழுக்கள் இயங்கிய பகுதிகளில் பிறந்த முதல் மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் மூன்று ஆண்டுகளில் 32 விழுக்காடு குறைவாக இருந்தது. அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரை இன்னொன்றையும் காட்டியது: இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் மிகவும் விளிம்பில் இருந்த குடும்பங்களில் இறப்பு 59 விழுக்காடும், அவ்வளவு விளிம்பில் இல்லாத குடும்பங்களில் 36 விழுக்காடும் குறைந்திருந்தன.

பெரும்பாலான நலத்திட்டங்களில் இதற்கு நேர்மாறாகவே நடக்கும். புதிதாக எது வந்தாலும் படித்தவர், பக்கத்தில் இருப்பவர், பேருந்து வசதி உள்ளவர் ஆகியோர் முதலில் எடுத்துக்கொள்வார்கள். சராசரி உயரும், இடைவெளியும் கூடவே உயரும். ஏக்ஜுட் குழுக்களில் அடித்தட்டுப் பெண்களுக்குக் கூடுதல் பலன் கிடைத்ததற்குக் காரணம், அங்கே கதை சொன்னவரும் கேட்டவரும் முடிவெடுத்தவரும் ஒருவராகவே இருந்தார் என்பதுதான் என்று நான் கருதுகிறேன். அந்த மாநிலங்களின் இளைஞர்கள், குறிப்பாக இளம்பெண்கள், இன்று திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும் கோவை, ஈரோடு வட்டாரத்து நூற்பாலை விடுதிகளிலும் பெருமளவில் இருக்கிறார்கள் என்பதை உங்கள் திட்டத்தில் கணக்கில் கொள்ளுங்கள். தமிழில் எடுத்த காணொளிக்கு இந்தியில் எழுத்து ஓட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஒடியாவில் பேசும் பெண் ஒடியாவில் பேசும் பெண்களிடம் சொல்ல வேண்டும்.

கதை மேலிருந்து கீழே போவதைப் பற்றி மட்டுமே நம் துறையில் பேசுகிறார்கள். கீழிருந்து மேலே வரும் கதையில்தான் மருத்துவத்துக்கு அதிகப் பயன் என்பது என் கணிப்பு. நூற்பாலைகளில் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் தொடக்க அடையாளம், வாரவிடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகி மூச்சு வாங்குவது. வாரம் போகப்போக அது தணிந்துவிடும். முகாமில் எடுக்கும் எந்த அளவீட்டிலும் இது சிக்காது. நோயாளி வியாழக்கிழமை வந்தால் மருத்துவர் மார்பில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார். ‘ஞாயித்துக்கெழமை ஊட்ல இருந்துட்டுத் திங்கக்கெழமை உள்ள போனாத்தானுங்க நெஞ்சு புடிக்குது’ என்று ஒரு பெண் சொல்லி முடிக்கும்வரை யாராவது காத்திருந்தால்தான் அது வெளியே வரும். சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் இதுவும் ஒன்று. ஆகவே அவள் கதை முழுதாகக் கேட்கப்பட்டால், நோய் அடையாளத்தோடு சேர்ந்து இழப்பீட்டு உரிமைக்கான வழியும் திறக்கிறது.

மாத்திரையை விடும் கதைகளும் அப்படியே. ஈ.எஸ்.ஐ. காப்பீடு பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கானது. நான்கைந்து பேர் மட்டும் வேலை செய்யும் சிறு குடோன் பொதுவாக அதற்குள் வராது. அங்கிருப்பவர் மாத்திரைக்கு அரசு மருத்துவமனையின் காலை நேரப் புறநோயாளிப் பிரிவையே நம்ப வேண்டும். பகல் ஷிப்ட்காரருக்கு அது கூலியிழப்பு, இரவு ஷிப்ட்காரருக்குத் தூக்க இழப்பு. ‘மாத்திரை சும்மாதானுங்க தர்றாங்க, அதை வாங்கப் போற நாள் கூலியை யாருங்க தருவா?’ என்று ஒருவர் கேட்டால், அதைப் பதிவு செய்து மற்றவருக்குக் காட்டுவதில் என்ன இருக்கிறது? அது மருத்துவ அலுவலரின் மேசைக்குப் போக வேண்டிய வாக்கியம். மாத்திரை வழங்கும் நேரத்தை வாரத்தில் ஒரு நாளாவது மாலைக்கு மாற்ற முடியுமா என்று அவரிடம் கேளுங்கள். மாற்றினால், இன்னார் சொன்னதால் மாறியது என்ற செய்தி எந்தக் காணொளியையும்விட வேகமாகக் குடோன் குடோனாகப் பரவும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. அதன் தன்னார்வலர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள். வீட்டு வாசலில் அவர்கள் கேட்கிற கதைகள் எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. உங்கள் அறக்கட்டளை செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, அந்தப் பெண்களோடு மாதம் ஒருமுறை உட்கார்ந்து அவற்றைக் கேட்டு எழுதுவதாகவே இருக்கலாம்.

இரத்தச்சோகையில் இது இன்னும் வெளிப்படை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருந்தது; அதற்கு முந்தைய ஆய்வின் 55 விழுக்காட்டிலிருந்து பெரிதாக இறங்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. சாப்பிட்டால் மலம் கறுத்துப் போகும், சிலருக்கு வயிறு புரட்டும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். ‘எனக்கும் அப்படித்தான் ஆச்சு, சோத்துக்கப்புறம் போட்டா அவ்வளவு புரட்டல அம்மிணி’ என்று பக்கத்து மெஷினில் இருக்கிற அக்கா சொன்னால் ஒரு பட்டை மாத்திரை காப்பாற்றப்படும். இதற்குக் காணொளியே தேவையில்லை.

பொதுவெளியில் தன் கதையைச் சொல்வதன் ஆற்றலுக்கும் விலைக்கும் கொங்கு நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. லாரித் தொழிலின் மையமான நாமக்கல், 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் எச்.ஐ.வி. பரவல் அதிகமாகப் பதிவான மாவட்டங்களுள் ஒன்று. எண்கள் வெளியாக வெளியாக ஊருக்கே ஓர் அவப்பெயர் ஒட்டியது. லாரி ஓட்டுநர் என்றாலே ஒதுங்குகிற நிலை வந்தது. அந்தக் காலத்தில் நாமக்கல் பகுதியைச் சேர்ந்த பி. கௌசல்யா, கணவரிடமிருந்து தமக்கு நோய் தொற்றியதை வெளிப்படையாகச் சொன்னார், எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கான பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்ற அமைப்பை 1998இல் மற்றப் பெண்களோடு சேர்ந்து தொடங்கினார். முகத்தைக் காட்டி, பெயரைச் சொல்லி ஒரு பெண் பேசியபோது, நோய் ஒழுக்கக்கேட்டின் சம்பளம் என்ற பேச்சு தடுமாறியது. திருமணத்தைத் தவிர வேறெதுவும் அறியாத பெண்ணுக்கு இது எப்படி வந்தது என்ற கேள்விக்கு ஊர் பதில் தேட வேண்டியிருந்தது. அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியதற்குப் பின்னால் இத்தகைய பலரின் குரல் இருந்தது.

அவரைப் போல் எல்லோரும் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவருடைய நோய்நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதைத் தடை செய்கிறது. மற்ற நோய்களுக்கு இவ்வளவு தெளிவான தனிச்சட்டம் இல்லாவிட்டாலும், அதே அளவுகோலையே நீங்கள் எல்லா நோய்க்கும் வைத்துக்கொள்ளுமாறு வற்புறுத்துவேன்.

ஒப்புதல் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்த வேலையில் பெருந்தீங்கு நேர்வது இந்த இடத்தில்தான். பெயரை மாற்றிவிட்டோம், முகத்தை மறைத்துவிட்டோம் என்று சொல்லி நிம்மதியடைகிறார்கள். ஒரு கிராமத்தில், இரண்டு பெண் குழந்தைகளோடு கணவனை இழந்து, இன்ன ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, இன்னார் குடோனில் பாவு பிணைக்கிற பெண் ஒருவர்தான் இருப்பார். பெயரே வேண்டாம், குரலே போதும். காசநோய் என்று தெரிந்தால் மகளின் மாப்பிள்ளை பார்ப்பது நின்றுபோகும். சர்க்கரை என்று தெரிந்தால் இரவு ஷிப்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், கூலி குறையும். முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பவர், அந்த முதலாளியின் குடோனிலேயே அவர் காதுபட, தன் நோய்க்கு வேலை நேரம் காரணம் என்று சொல்ல முடியுமா? அவர் கையெழுத்துப் போட்டுத் தந்த ஒப்புதலில் சுதந்திரம் எவ்வளவு என்று நீங்கள்தான் எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆகவே எழுத்தில் ஒருமுறை வாங்கும் கையொப்பத்தோடு நிறுத்தாதீர்கள். பதிவை முதலில் சொன்னவருக்கும் அவர் விரும்பும் ஒரு குடும்பத்தாருக்கும் போட்டுக் காட்டி, எதை வெட்ட வேண்டும் என்று கேட்டு வெட்டுங்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் கேளுங்கள். எந்த நாளும் திரும்பப் பெறலாம் என்று சொல்லுங்கள். அதே சமயம் வாட்ஸ்அப்பில் போன பதிவைத் திரும்பப் பெற முடியாது என்ற உண்மையையும் மறைக்காமல் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், முதல் ஓராண்டுக்குக் காணொளியே வேண்டாம். ஆள் நேரில் வந்து, பத்துப் பதினைந்து பேர் முன்னால், தான் விரும்பிய அளவு சொல்லிவிட்டுப் போகட்டும். நோம்பி நாட்களில் விடிய விடிய உடுக்கடிப் பாட்டுக் கேட்ட மரபு நம்முடையது. எதிரே உட்கார்ந்து ‘உம்’ கொட்டுகிறவர் இருந்தால் கதை சொல்கிறவர் எவ்வளவு தூரம் போவார் என்பது நமக்குத் தெரியும். கைப்பேசித் திரைக்கு அந்த ‘உம்’ தெரியாது.

யார் சொல்கிறார், எங்கே சொல்கிறார் என்பதைச் சாதியை விட்டுவிட்டுப் பேச முடியாது. கொங்கு நாட்டில் இதைத் தவிர்த்துவிட்டு நலச் சமத்துவத்தைப் பற்றி எழுதுவது வெறும் ஒப்பனை. முகாம் ஊர்க் கோயில் மண்டபத்தில் நடந்தால் அருந்ததியர் குடியிருப்பிலிருந்து வருகிறவர் வாசலோரம் நிற்பார், அல்லது வரவே மாட்டார். அங்கே ஊர்க்காரர் ஒருவர் சர்க்கரையை வென்ற கதையைச் சொன்னால், தோட்டத்தில் காய்கறி விளைகிறவருக்கு இதெல்லாம் நடக்கும் என்று எண்ணிக்கொண்டு போவார். தூய்மைப் பணிக்கு விடியற்காலையில் போகிற பெண், நேரத்துக்குச் சாப்பிட முடியாத நாளில் இன்சுலினை எப்படிச் சமாளிக்கிறாள் என்பதை அவள் தெருவில், அவள் வீட்டுத் திண்ணையில், அவளே சொல்ல வேண்டும். ஊர்க்காரர் அங்கே வந்து உட்கார்ந்து கேட்டால் இன்னும் நல்லது. மருத்துவமனையில் தன்னை எப்படிக் கூப்பிட்டார்கள், எங்கே நிற்க வைத்தார்கள் என்று அவள் சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாதீர்கள். நோயைப் பற்றிப் பேசச் சொன்னால் அவமானத்தைப் பற்றிப் பேசுகிறார்களே என்று சலித்துக்கொண்ட பணியாளர்களைப் பார்த்திருக்கிறேன்; அவள் மாத்திரையை நிறுத்தியதன் காரணமே அந்த அவமானமாக இருக்கக்கூடும்.

தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையிலுள்ள சிட்டிலிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993இல் ஒரு குடிசையில் சிகிச்சையைத் தொடங்கியபோது செய்த முக்கியமான வேலை, மலைவாழ் பெண்களையே நலப் பணியாளர்களாகவும் செவிலியர்களாகவும் பயிற்றுவித்தது. தன் மொழியில், தன் உறவுமுறை சொல்லிக் கூப்பிடுகிறவர் மருத்துவமனைக்குள் இருந்தால் நோயாளி தன் கதையைத் தானே சொல்லிவிடுவார். உங்கள் அறக்கட்டளையின் களப்பணியாளர் பட்டியலை எடுத்து, எந்தத் தெருக்களிலிருந்து ஒருவர்கூட இல்லை என்று பாருங்கள். சம்பளத்தோடு அங்கிருந்து ஒருவரைச் சேர்ப்பது, பத்துக் கதை நிகழ்ச்சிகளுக்கு மேலானது.

மருத்துவரும் செவிலியரும் தம் சொந்தக் கதையைச் சொல்லலாமா என்று சிலர் கேட்பதுண்டு. சொல்லலாம், அளவாகச் சொல்ல வேண்டும். ‘எங்க அப்பாருக்கும் சர்க்கரைதானுங்க, களி திங்காம அவரால இருக்க முடியாது, நாங்க அளவை மட்டும் பாதியாக்கினோம்’ என்று ஒரு மருத்துவர் இரண்டு வாக்கியம் சொன்னால் மேசைக்கு இந்தப் பக்கமும் குடும்பம் உண்டு என்று தெரியும். பத்து நிமிடம் பேசினால் நோயாளியின் நேரம் போய்விடும்.

கதையின் ஆற்றல் எதிர்ப்புறமும் வேலை செய்யும் என்பதை மறக்கக்கூடாது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, 17 அன்று மாரடைப்பால் காலமானார். தடுப்பூசிக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்களும் பின்னர் ஆய்வுக் குழுவும் சொன்னார்கள். தமிழ்நாடு முழுவதும் மக்கள் மனத்தில் நின்றது அந்த இரண்டு நாள் இடைவெளிதான். புள்ளிவிவரத்தால் அந்தக் கதையை அசைக்க முடியவில்லை. வதந்தியைப் பொய் என்று அறிவிப்பதைவிட, அதை நம்பித் தயங்கி, பிறகு போட்டுக்கொண்ட ஒருவர் தன் தயக்கத்தையும் சேர்த்துச் சொல்வது பலிக்கிறது. ஆனால் உண்மையான பக்கவிளைவு நேர்ந்தவரின் கதையும் உங்கள் கூட்டத்தில் இடம்பெற வேண்டும். நல்லபடியாக முடிந்த கதைகளை மட்டும் தொகுக்கிறீர்கள் என்று தெரிந்துவிட்டால், அடுத்த கூட்டத்துக்குப் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

பலனை எப்படி அளப்பது என்று கேட்டிருந்தீர்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் நெகிழ்ந்தார்கள் என்பவை வேண்டாம். மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் மாத்திரை தொடர்கிறவர் எத்தனை பேர், அழுத்தம் 140/90க்குக் கீழே வந்தவர் எத்தனை பேர் என்பவை வேண்டும். அந்த எண்ணைத் தெருவாரியாகவும் ஆண், பெண் என்றும் மொழிவாரியாகவும் பிரித்து எழுதுங்கள். மொத்த எண் உயர்ந்து, காலனிக்கும் ஊருக்கும் இடையிலான வேறுபாடும் உயர்ந்திருந்தால், திட்டம் யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்களைத் தவறவிட்டிருக்கிறது என்று பொருள். அறிக்கையில் அதையும் எழுத வேண்டும். கூடவே, நோயாளிகள் சொன்னதைக் கேட்டு மருத்துவமனையிலோ குடோனிலோ என்ன மாறியது என்பதற்கு ஒரு தனிப்பக்கம் வையுங்கள். ஆறு மாதம் கழித்தும் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால் கதை சேகரிப்பதை நிறுத்திவிட்டு அதற்கான காரணத்தைத் தேடுங்கள்.

தொடங்குவதற்கு, மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அன்று தறி ஓடாது. குடோனுக்கு வெளியே வேப்பமர நிழலில் ஆட்கள் இருப்பார்கள், கூலியிழப்பும் உங்களால் வந்ததாக இராது. மாத்திரையை விட்ட ஐந்தாறு பேரிடம், ஏன் விட்டீர்கள் என்று கேட்காமல், கடைசியாகப் போட்ட நாளில் என்ன நடந்தது என்று கேளுங்கள். ‘ஏன்’ என்று கேட்டால் விசாரணையாகத் தோன்றி, மறந்துவிட்டேன் என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். கேட்டதை அன்று மாலையே எழுதி, சொன்னவரிடம் படித்துக் காட்டி, அடுத்த வாரம் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் அவர்களில் ஒருவரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள். பிறகு வேறு இடங்களுக்கு வந்து பேச அவர் சம்மதித்தால், அந்த நாளின் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் அறக்கட்டளையின் வரவுசெலவில் முன்கூட்டியே ஒதுக்கி வைத்து, கூட்டம் முடிந்ததும் கையில் கொடுத்துவிடுங்கள்.